அன்னா என்றால் அருள்



நம் பங்குகளில் அன்னம்மாள் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. அதைக் கேட்டதும் நமக்கு உண்ணும் அன்னமோ, பெற்ற அன்னையோ நினைவுக்கு வரும். ஆனால் இப்பெயரின் வேர் எபிரேய மொழியில் உள்ளது. 'ஹன்னா' என்றால் அருள், தயவு என்று பொருள். கிரேக்கத்தில் அது 'அன்னா' ஆயிற்று.

இப்பெயர் கொண்ட மூவரை இன்று சிந்திப்போம்.

முதலாமவர் சாமுவேலின் தாய். பிள்ளையில்லாத அவரைப் பெனின்னா ஆண்டுதோறும் புண்படுத்தினார். அன்னா அழுதார், உண்ணவும் மறுத்தார். சீலோவில் உதடுகள் மட்டும் அசைய அவர் மன்றாடியபோது, குடித்திருக்கிறார் என்று நினைத்தார் குரு ஏலி. பின்னர் உண்மையை அறிந்து ஆசி கூறி அனுப்பினார். அன்னா அவரிடம் தயவை வேண்டி விடைபெற்றார். எபிரேயத்தில் அந்தச் சொல்லும் அவரது பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. அதன்பின் அவர் உணவு உண்டார், முகவாட்டம் நீங்கிற்று. கவனியுங்கள், அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. குழந்தைக்கு முன்பே அருள் வந்துவிட்டது!

இரண்டாமவர் அன்னை மரியாவின் தாய். ஜூலை 26 அன்று நாம் விழா எடுக்கும் சுவக்கின், அன்னா இருவரின் பெயர்களும் விவிலியத்தில் இல்லை. யாக்கோபின் முதல் நற்செய்தி எனும் பழைய நூலில் உள்ளன. அவர்களும் பிள்ளைக்காக ஏங்கியதாக அந்நூல் சொல்கிறது.

மூன்றாமவர் ஆசேர் குலத்து இறைவாக்கினர் அன்னா. மணமாகி ஏழு ஆண்டுகளே கணவரோடு வாழ்ந்தவர். 84 வயதிலும் கோவிலை விட்டு நீங்காதவர். அவருக்குப் பிள்ளைகள் இருந்ததாக லூக்கா குறிப்பிடவில்லை. ஆயினும் குழந்தை இயேசுவைக் கண்டு, அவரைப் பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பேறு அவருக்குக் கிடைத்தது.

அன்புக்குரியவர்களே, 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கோவில் வாசலிலேயே கேட்கிறோமே! வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்கி வைக்கிறோமே! அப்போது நாம் பெனின்னா ஆகிறோம். அவர்களது கண்ணீரைத் தவறாகப் புரிந்துகொள்ளும்போது ஏலி ஆகிறோம். ஏலி தம் தவற்றை உணர்ந்து ஆசி கூறினார். நாமும் அப்படி மாறலாம் அல்லவா?

பிள்ளை ஒரு கொடை. ஆனால் பிள்ளை பெற்றால்தான் ஒரு பெண் அருள் பெற்றவர் என்பதில்லை. இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு சகோதரியின் அருகில் அமர்ந்து, கேள்வி கேட்காமல் அவரோடு சேர்ந்து மன்றாடுவோம். அருளின் ஆண்டவர் நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.