உழுநிலமும் ஆட்சிப்பீடமும்
(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



வேளாண்மை அறிஞர் ஒருவர் ஆட்சிப் பொறுப்பேற்றால் யாது நிகழும் என்பதை ஆராய, அமெரிக்க நாட்டு ஹென்றி வாலஸ் அவர்களின் வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

அவர் 1888-ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். அந்நாளில் மக்காச்சோளக் கதிர்களுக்குக் கண்காட்சியில் பரிசளிப்பதுண்டு. வரிசை பிறழாத மணிகளையுடைய கதிரே சிறந்த விதை எனப் பேராசிரியர்களும் கருதினர். பதினாறு வயதினரான வாலஸ், அத்தகைய கதிர்களைத் தனித்தனியே விதைத்து விளைச்சலை நிறுத்துப் பார்த்தார். அழகிற் சிறந்தவை விளைவிற் சிறந்தவையல்ல என்பது புலனாயிற்று. தோற்றத்தை நம்பாது சோதித்தறியும் இப்பண்பே அவரை வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு இட்டுச் சென்றது. 1926-இல் அவ்விதைக்கென நிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தார்.

1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வேளாண்மை அமைச்சராக்கினார். விளைபொருள் மிகுந்து, விலை வீழ்ந்து, உழவர் நொடித்திருந்த காலம் அது. விளைச்சலைப் பெருக்கக் கற்றவரே, விளைந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கவும், ஏறத்தாழ அறுபது இலட்சம் பன்றிகளைக் கொல்லவும் வழிசெய்ய நேர்ந்தது. பசித்தோர் மலிந்த நாட்டில் இஃது அறமோ எனப் பலர் கொதித்தனர். அவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், விளைந்த காலத்தில் சேமித்து வறண்ட காலத்தில் வழங்கும் களஞ்சியத் திட்டத்தை வற்புறுத்தியவரும் அவரே; 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அஃது இடம்பெற்றது.

1941 முதல் 1945 வரை அவர் துணை அதிபர். 1944-இல் கட்சி அவரை விலக்கி ட்ரூமனைத் தேர்ந்தது. பின்னர் வணிக அமைச்சரானார். சோவியத் நாட்டோடு இணக்கம் வேண்டுமெனப் பேசியதால் 1946-இல் அப்பதவியும் போயிற்று. 1948-இல் புதுக்கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று, ஒரு மாநிலத்தையும் வெல்லாது தோற்றார். அதன்பின் பண்ணைக்கே திரும்பி, 1965-இல் மறையும் வரை பயிரும் கோழியும் ஆய்ந்தார்.

வடபுலத்தில் வாழ்ந்து, சோற்றோடு சப்பாத்திக்கும் இலையில் இடமளித்துவிட்ட நமக்கும் இவரோடு ஒரு தொடர்புண்டு. 1940-இல் மெக்ஸிகோ சென்ற வாலஸ், அந்நாட்டு உழவர் வறுமையைக் கண்டு, அங்கு வேளாண் ஆராய்ச்சிக்கு உதவுமாறு ராக்ஃபெல்லர் அறநிலையத்தை ஊக்கினார். 1943-இல் அப்பணி தொடங்கிற்று. மறு ஆண்டு நார்மன் போர்லாக் அதில் சேர்ந்தார். அங்கு உருவான குட்டைக் கோதுமை விதையில் 18,000 டன்னை 1966-இல் பாரதம் தருவித்தது. அதற்குத் துணிந்த உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும், அதனை வயல்களில் ஆராய்ந்து பரிந்துரைத்த எம். எஸ். சுவாமிநாதனும் நம் தமிழ் மக்களே.

அமைச்சர் கையெழுத்திட்ட ஆணைகள் பல மறைந்தன. அறிஞர் சொன்ன ஒரு சொல் கடல் கடந்து விளைந்தது. நம் பிள்ளைகள் எப்பதவிக்குச் சென்றாலும், கதிரின் அழகில் மயங்காது விளைவை நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடாதிருப்பார்களாக.