வாஞ்சூர் எல்லையில் கணக்குப் படிப்பு



பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் காரைக்கால் வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். அறிவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை என்றால் ஜிப்மர், என்.ஐ.டி. என்று பேச்சு ஓடும். வணிகவியல் எடுத்த பிள்ளை என்றால் அண்ணா கல்லூரியிலோ அவ்வையார் கல்லூரியிலோ பி.காம். சரி, அதற்குப் பிறகு? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் அப்பா. அந்த அப்புறம் வருவதற்கு மூன்று வருஷம் ஆகும். வேலை பார்த்துக்கொண்டே படித்து, கணக்குத் தொழிலில் நுழையும் வழி ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆடிட்டர் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் (சி.ஏ.) ஆவதற்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு போதும். எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் சரி. முதலில் பவுண்டேஷன் தேர்வு, நான்கு தாள். அடுத்து இன்டர்மீடியட், ஆறு தாள். அதில் இரண்டு குரூப்பையும் முடித்தவர்கள், சில வாரக் கணினி, அறிமுகப் பயிற்சிக்குப் பிறகு, ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் சேரலாம். முன்பு மூன்று வருஷமாக இருந்த இந்தப் பயிற்சியை 2023 ஜூலையில் வந்த புதிய திட்டம் இரண்டு வருஷமாக்கிவிட்டது. அதன் பிறகு பைனல். தேறியவருக்கு முதுகலைப் பட்டதாரிக்குச் சமமான தகுதி உண்டென்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏற்றுக்கொண்டது.

வேலையோடு சேர்த்துக் கணக்குப் பழகுவது நமக்கொன்றும் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், ஊரிலிருந்து பெட்டியடிப் பையன் என்று சிறுவர்களைக் கூட்டிப்போனார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, குறிப்பெழுதி, பேரேடு பழகி, அடுத்தாள் ஆகி, கடைசியில் கடைக்கே மேலாளாக உயர்ந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கடைதான் கல்லூரி. இங்கிலாந்திலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு: அங்கே அந்தக் காலத்தில் பையனைச் சேர்த்துக்கொள்ள அப்பா ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். இன்று இங்கே ஆடிட்டர்தான் பையனுக்கு ஸ்டைபண்ட் கொடுக்க வேண்டும். ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துக் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறார்கள். சின்ன ஊர் என்றால் தொகையும் சின்னதுதான்; பஸ்ஸுக்கும் டீக்கும் போக மிச்சம் எதிர்பார்க்காதீர்கள்.

நம் நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் தமிழ்நாட்டுக்காரர் என்பது தெரியுமா? ஆர். சிவபோகம். சென்னையில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றவர். வெளியே வந்து கணக்குப் படித்து 1933-இல் தேறினார். சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி பெற்றார். தொழில் தொடங்கலாம் என்று பார்த்தால், சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிய முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. வழக்குப் போட்டு வென்று, 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் ஆடிட்டர்கள் சங்கத்தின் தென்னிந்தியக் குழுவுக்கே தலைவராக இருந்தார். இன்று ஆர்ட்டிகிள் சேரும் பெண்பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். "ஆர்ட்டிகிள் செய்வதென்றால் சென்னைக்குப் போகணும், காரைக்காலில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரைக்காலில் இருப்பதெல்லாம் எல்லைதான்! தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். கிழக்கே கடல், புதுச்சேரியைச் சேர்ந்த நமக்கு மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு, அதாவது வேறு மாநிலம். சைக்கிளில் போகிற தூரம்தான். ஜி.எஸ்.டி. கணக்கிலோ அது டெல்லிக்குச் சரக்கு அனுப்புவது மாதிரி.

காரைக்கால் மளிகை மொத்த வியாபாரி ஒருவர், நாகூர் கடைக்குப் பத்து மூட்டை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவரின் ஜி.எஸ்.டி. எண் 34 என்று தொடங்கும், நாகூர்க்காரருடையது 33. பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போடக்கூடாது, ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாகப் போட வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வண்டியோடு ஈ-வே பில்லும் போக வேண்டும். அதே வியாபாரி திருநள்ளாற்றுக் கடைக்கு அனுப்பினால் பில் வேறு. நாகப்பட்டினத்தில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவே வேண்டாம். புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம்தான். எல்லை தாண்டி விற்றால் பெரும்பாலான சரக்குகளுக்கு அந்த வரம்பும் கிடையாது, பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரரோ வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. நாகூர் அவருக்கு வேறு மாநிலம்! சென்னையில் ஆர்ட்டிகிள் செய்யும் பையன் புத்தகத்தில் தேடிப் படிக்கிற சிக்கல், நம் பையனின் மேசைக்கு முதல் வாரமே வந்துவிடும். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ரிட்டன் போட வேண்டிய நாட்கள் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று பாருங்கள். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ் கணக்கைப் பையன் கையில் கொடுக்கிறார் ஆடிட்டர். ரசீதுக்கட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட், பேரேடு. பையன் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போகிறான். கூட்டல் சரி, வங்கியோடும் ஒத்துப்போகிறது. "முடிஞ்சுது சார்" என்கிறான். ஆடிட்டர் ஒரு கேள்விதான் கேட்பார்: "சனிக்கிழமை வரவு எவ்வளவு, செவ்வாய்க்கிழமை வரவு எவ்வளவு?" இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எங்கோ இடிக்கிறது. சனீஸ்வரன் கோயிலுக்கு எதிரே லாட்ஜ் வைத்துக்கொண்டு சனிக்கிழமை அறை காலியாகக் கிடந்தது என்றால் யார் நம்புவார்? தணிக்கை என்றால் என்ன என்று தேர்வில் பத்து வரி எழுதலாம். இந்தச் சந்தேகம் தானாகவே மனதில் எழ வேண்டும் என்றால் ஊரும் தெரிய வேண்டும், ரசீதும் கைபட வேண்டும். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனங்களில் ஒரே கம்பெனியின் ஒரு மூலையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. சின்ன ஊர் ஆபீஸில் வவுச்சர் அடுக்குவதிலிருந்து வருமான வரி அதிகாரி முன் ஆடிட்டர் பேசுவதுவரை எல்லாவற்றையும் ஒரே ஆள் கண்ணால் பார்க்கலாம்.

வணிகர் வீட்டுக் கணக்குக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. காரைக்கால் அம்மையார் கதையில் கணவர் அனுப்பிய மாங்கனி இரண்டு, பரிமாறியது மூன்று. எந்த ஆடிட்டர் வந்தாலும் அந்த இருப்பு டேலி ஆகாது. அது அருட்கணக்கு, விட்டுவிடுவோம்.

இந்த வழியில் பள்ளமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சி.ஏ. தேர்வுகளில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம். ஒரு தாளில் 39 வாங்கினால் அந்த குரூப் போயிற்று. இன்டர் முடித்துப் பைனலில் மாட்டிக்கொண்டு பல வருஷம் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பட்டமும் இல்லை என்றால் பட்டம் கேட்கும் வங்கித் தேர்வுக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பம்கூடப் போட முடியாது. அதனால் அஞ்சல்வழியில் ஒரு பி.காம். சேர்ந்துவிடச் சொல்வேன். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் வேறு படிப்புப் படிக்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். பட்டம் வேண்டாம் என்பது என் வாதமில்லை. பட்டம் வரும்வரை வேலை கற்காமல் காத்திருக்க வேண்டாம் என்பதுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பவுண்டேஷன் தேர்வு வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் விவரம் கேட்க ஆடிட்டர் சங்கத்தின் கிளை கும்பகோணத்திலேயே இருக்கிறது. பிறகு, இன்டர் முடித்த பிள்ளையை ஓர் ஆபீஸில் சேர்க்கும் முன், பெயர்ப்பலகையின் அளவைப் பார்க்காதீர்கள். அங்கே ஏற்கெனவே ஆர்ட்டிகிள் செய்த பிள்ளை ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். "உன் ஆடிட்டர் உன் வேலையை உட்கார்ந்து பார்த்தாரா? தேர்வுக்குப் படிக்க லீவு கொடுத்தாரா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் சேர்த்துவிடுங்கள்.