படித்த படிப்பு வீணாகலாமா?



பத்தாம் வகுப்பு முடித்து, பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு படித்து, டிப்ளமோவோடு பி.இ. சேர வருகிற பிள்ளையை நாம் முதலாமாண்டில் உட்கார வைப்பதில்லை. நேரடியாக இரண்டாமாண்டில் சேர்த்துக்கொள்கிறோம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் பாலிடெக்னிக்கில் அதே வழி உண்டு. பட்டறையில் கற்றதும் படிப்புதான் என்று தமிழ்நாடு ஒப்புக்கொண்டு பல ஆண்டுகளாகின்றன.

ஆனால், கலைக் கல்லூரியில் நான்கு செமஸ்டர் தேறிய ஒரு பெண், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறாள். சில ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு கல்லூரிக்கு மதிப்பெண் பட்டியலோடு போகிறாள். என்ன பதில் கிடைக்கிறது? "பாடத்திட்டம் வேறம்மா, முதலாமாண்டிலிருந்து சேர்ந்துக்குங்க!" அவள் எழுதிய தேர்வுகள் என்ன ஆயின? அப்பா கட்டிய கட்டணம் என்ன ஆயிற்று?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கல்விக் கிரெடிட் வங்கிக்கு விதிமுறை வகுத்தது. தேறிய பாடத்தின் கிரெடிட் மாணவர் கணக்கில் சேரும். ஏழு ஆண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட்டாவது பெற்றிருக்க வேண்டும் என்ற காவலும் அதில் உண்டு. வழி இருந்தும், ஏற்கிற மனம் கல்லூரிகளுக்கு வர வேண்டாமா?

தரம் குறையுமே என்கிறார்கள் ஆசிரியர்கள். அந்தக் கவலையை மதிக்கிறேன். நேரடி இரண்டாமாண்டு வந்த பிள்ளைகள் கணிதத்தில் திணறுவதை அறிவோம். அதற்கு இணைப்பு வகுப்பு நடத்துங்கள். சந்தேகமா, தேர்வு வையுங்கள். தேறினால் ஏற்றுக்கொள்ளுங்கள்!

இப்படிக் கிரெடிட்டைச் சேர்த்து வைத்துவிட்டுப் படிப்பை இடையில் விட வழி திறந்தால், ஏழை வீட்டுப் பிள்ளைகளே முதலில் வெளியேறுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. நியாயமான அச்சம். ஆனால், வறுமை வழி கேட்டுக்கொண்டா பிள்ளைகளை வெளியேற்றுகிறது? வெளியேறியவர் திரும்பி வரும் வழியை அகலமாக்குவதுதான் நம் கடமை.

பல்கலைக்கழகங்களிடம் மூன்று கேட்கிறேன். தாளின் பெயரைப் பார்க்காதீர்கள். அலகு அலகாகப் பாடத்தை ஒப்பிடுங்கள். எந்தக் கிரெடிட் செல்லும் என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு இடம் வையுங்கள்.

கிரெடிட்டை ஏற்பது சலுகை அன்று. உழைத்துத் தேறியவருக்கு உரியது. அடுத்த சேர்க்கைக்கு முன் ஒவ்வொரு கல்விக்குழுவும் இந்த மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பெற்றோர்களே, மாணவர்களே, நிறைவேறும் வரை கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!