ஆய்வகங்களின் ஒப்புரவு



அறிவியல் கட்டுரைகளால் வளர்கிறது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆயினும் ஒரு கட்டுரை கூறும் முடிவை இன்னோர் ஆய்வகம் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த விதையோ, நுண்ணுயிரோ, மரபணுத் துண்டோ, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும்படி வளர்க்கப்படும் செல்வரிசையோ அந்த ஆய்வகத்தின் கைக்கும் வந்துசேர வேண்டும். ஆய்வுப்பொருள் என வழங்கப்படும் இவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்பில் உருவாகி, கேட்டவருக்கு விலையின்றி அனுப்பப்படுபவை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் வெள்ளைக் கண் கொண்ட பழ ஈயைக் கண்டறிந்த பின், அவரும் அவருடைய மாணவர்களும் திரட்டிய திரிபு ஈக்கள், அதாவது மரபணுவில் நேர்ந்த மாற்றம் உடலில் வெளிப்பட்ட ஈக்கள், புட்டிகளில் அடைக்கப்பட்டுப் பிற ஆய்வகங்களுக்குக் கட்டணமின்றிச் சென்றன. எந்த ஆய்வகத்தில் எந்த ஈ வளர்கிறது என்பதை எல்லாரும் அறியும்பொருட்டு 1934-இல் ஒரு செய்தி மடலே தொடங்கப்பட்டது. மரபியல் என்னும் துறை இவ்வளவு விரைவாக வேரூன்றியதில் அந்தப் புட்டிகளுக்கும் பங்குண்டு.

திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. இல்லாதவருக்கு இருப்பவர் இரங்கிக் கொடுப்பது ஈகை; உலக நடை அறிந்தவர் தம்மிடம் உள்ளதை ஊர்ப்பொதுவாக்கி வாழ்வது ஒப்புரவு. ஆய்வகங்களிடையே நிகழும் கொடை இவற்றுள் பின்னதைச் சேர்ந்தது. ஏனெனில் இங்கே பெறுபவர் இரவலர் அல்லர். கொடுப்பவரின் முடிவைச் சரிபார்த்து, அதைத் தனியொருவரின் கூற்று என்னும் நிலையிலிருந்து பொது அறிவு என்னும் நிலைக்கு உயர்த்துபவர். முடிவை வெளியிட்டுப் பொருளை மறைத்துவைப்பது, சாட்சியைப் பூட்டிவைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

கைமாறும்தோறும் பொருள் வளரும் என்பதற்குக் கோதுமை சான்றாக நிற்கிறது. ஜப்பானின் நோரின் 10 என்னும் குட்டை ரகத்தின் விதைகள் 1946-இல் செசில் சால்மன் வழியாக அமெரிக்கா சென்று, ஆர்வில் வோகலின் கையில் அந்நாட்டு ரகத்துடன் கலப்பினமாகி, மெக்சிகோவில் பணியாற்றிய நார்மன் போர்லாகை அடைந்து, அவர் உருவாக்கிய புதிய ரகங்களாகக் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963-இல் இந்தியாவுக்கு வந்தன. கதிரின் சுமை தாங்கிச் சாயாமல் நிற்கும் அந்தத் தண்டு, நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வளர்த்த பயன்.

கொடையின் பெருமையும் அதனால் ஏற்படும் கடனும் ஒருங்கே விளங்குவது பச்சை ஒளிர்புரதத்தின் வரலாற்றில்தான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வாழும் ஒரு ஜெல்லிமீனில் ஒசாமு ஷிமோமுரா 1960-களின் தொடக்கத்தில் கண்டறிந்த இந்தப் புரதம், நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் பச்சையாக ஒளிர்வது. இதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, புரதத்தில் உள்ள 238 அமினோ அமிலங்களின் வரிசையை 1992-இல் வெளியிட்டவர் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் பிராஷர். ஆய்வைத் தொடர நிதி கிட்டாத நிலையில், அவர் அந்த மரபணுவைப் பூட்டிவைக்காமல், கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்தார். சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் உருளைப்புழுவின் நரம்பு செல்களிலும் செலுத்தி, ஜெல்லிமீனின் வேறு எந்தப் பொருளும் இல்லாமலே அவை ஒளிர்வதை 1994-இல் காட்டினார். சியன் பல நிறங்களில் ஒளிரும் வடிவங்களைப் படைத்தார். உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே, எப்போது தோன்றுகிறது என்பது அதன்பின் கண்ணுக்குத் தெரியலாயிற்று.

2008-இல் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டபோது, பிராஷர் அலபாமா மாநிலத்தில் கார் விற்பனையகம் ஒன்றில் வாடிக்கையாளர்களை ஏற்றிச்செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சால்ஃபி அவரை இணை ஆசிரியராகச் சேர்த்திருந்தார். சால்ஃபியும் சியனும் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்குத் தம் செலவில் அழைத்துச் சென்றனர். பின்னாளில் சியனின் ஆய்வகத்திலேயே அவர் பணிபுரிந்தார். பெற்றவர்கள் நன்றி மறக்கவில்லை. ஆயினும் தனிமனிதரின் நன்றியுணர்வு மட்டும் போதாது. பொருளை உருவாக்கிப் பகிர்வதும் ஆய்வுப்பணியே எனப் பணி நியமனத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் கணக்கிடப்படும் நாளில்தான் இந்தக் கடன் முழுமையாகத் தீரும்.

கொடுப்பவருக்கும் கடமைகள் உண்டு. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து 1951-இல் எடுக்கப்பட்ட ஹீலா செல்கள், அவற்றை வளர்த்த ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளரின் தாராளத்தால் உலகெங்கும் பரவி, போலியோ தடுப்பூசிச் சோதனைக்குத் துணைநின்றன. ஆனால் அந்தப் பெண்மணியிடம் எவரும் இசைவு கேட்கவில்லை; அவருடைய குடும்பத்தினருக்கு அந்தச் செல்களின் மரபணுத் தரவின் பயன்பாட்டில் கருத்துரைக்கும் இடம் 2013-இல்தான் கிடைத்தது. தமக்கு உரிமையில்லாததைக் கொடுப்பது கொடையாகாது. அன்றியும், வேறு செல்வரிசைகள் என்று நம்பப்பட்டவற்றுள் பல உண்மையில் ஹீலா செல்களே என்பதை 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். தவறான பெயர்ச்சீட்டுடன் செல்லும் பொருள், பெற்றவரின் பல ஆண்டு உழைப்பைப் பாழாக்கிவிடும்.

இதனாலேயே பகிர்வுக்கு விதிகளும் நிறுவனங்களும் தோன்றின. யார், எதை, எந்நோக்கத்திற்குப் பெறுகிறார் என்பதை எழுத்தில் வரையறுப்பது பொருள் கைமாற்று ஒப்பந்தம். இந்திய உயிர்வளம் அயல்நாடு செல்லும்போது பின்பற்றத்தக்க நெறியை 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் வகுக்கிறது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் அமைந்துள்ளது. இவை தடைகள் அல்ல. பொருள் பிறந்த மண்ணையும் அதைப் பேணிய மக்களையும் ஒப்புரவுக்குள் சேர்த்துக்கொள்ளும் வழிகள்.

இன்று பட்டம் பெறும் ஒவ்வோர் ஆய்வாளரும் ஆய்வகத்தின் உறைகுளிர் பெட்டியில் சில சிறு குப்பிகளை விட்டுச் செல்கிறார். அவற்றின்மேல் எழுதப்பட்டுள்ள சுருக்கக் குறிகள் எழுதியவருக்கு மட்டுமே விளங்குமாயின், அவர் வாயிலைக் கடந்த மறுநாளே அந்த உழைப்பு பொருளற்றுப்போகும். எது, எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்நாளில் வந்தது என்ற பட்டியல் ஒன்று உடனிருக்குமாயின், அடுத்து வரும் மாணவர் அங்கிருந்தே தொடங்குவார். ஒப்புரவு தொலைநாட்டு ஆய்வகத்திற்கு அனுப்பும் பொதியில் தொடங்குவதன்று. அந்தப் பட்டியலில் தொடங்குவது. அதை எழுதி வைத்துவிட்டுப் புறப்படும் இளம் அறிஞர்கள் யாவரும் நீடு வாழ்க; அவர்தம் கைப்பொருள் பல கைகளில் வளர்க.