பள்ளி தளையா, விடுதலையா?



பள்ளி, பிள்ளையின் இயல்பான அறிவை முடக்குகின்றதா, வாழ்வுக்கு அணியப்படுத்துகின்றதா என்பது பழைய வினா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தமிழர் பண்டே சொல்லி வைத்தனர். பத்தாண்டு பயின்ற இளைஞனுக்கு விதைக்கும் பருவம் தெரியவில்லை. சொந்த நிலத்தை அளக்கத் தெரியவில்லை என்னும் குறை இன்றும் கேட்கின்றது. அக்குறை பொய்யன்று. ஆயினும் அதனைக் காட்டிப் பள்ளிக் கதவைப் பாதி அடைத்த முயற்சி ஒன்று இந்நாட்டிலேயே நடந்தது. அவ்வரலாற்றை மறந்து இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

1953-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தினார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே படிப்பர். ஒரு பகுதியினர் முற்பகலிலும் மறுபகுதியினர் பிற்பகலிலும் வருவர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். முறை மாற்றிப் படித்தால், இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே மிகுதியான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு கூறிய கரணியம். கைத்தொழில் பிள்ளையைச் செம்மைப்படுத்தும் என்பது அதன் கொள்கை.

கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். உழைப்பை மதிக்கும் கல்வி வேண்டும் என்பதை மறுப்பவர் யார்? ஆனால் இரண்டு வினாக்களுக்கு அத்திட்டத்தில் விடை இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாட் பள்ளியும் ஊர்ப்புறத்துப் பிள்ளைக்கு மட்டும் அரைநாட் பள்ளியும் ஏன்? பிறப்பால் தொழில் வகுக்கப்பட்ட நாட்டில், தந்தையின் தொழிலைப் பயில்க என்பதற்குப் பொருள் என்ன? வெளுப்பவர் மகன் வெளுக்கப் பயில்வான். குயவர் மகன் மண் பிசையப் பயில்வான். கணக்கர் மகனோ வீட்டிலும் எழுத்தையே பயில்வான். ஒருவனுக்கு வீடே இரண்டாம் பள்ளி. மற்றவனுக்கு வீடே முதல் தளை!

இதனாலேயே மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். பெரியாரின் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்துக் கிளர்ந்தன. ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் இராசகோபாலாச்சாரியார் பொறுப்பிலிருந்து விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது. காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளிகளில் நண்பகல் உணவு தொடங்கப்பெற்றது. ஏழைப் பிள்ளையின் பள்ளிப் பொழுதைக் குறைத்தது ஓர் ஆட்சி. அதே பிள்ளைக்குச் சோறிட்டுப் பள்ளியில் அமர்த்தியது மற்றோர் ஆட்சி.

எனினும், கதவு திறந்துவிட்டதனாலேயே உள்ளே நடப்பதெல்லாம் கல்வியாகிவிடாது. பொருள் விளங்காமல் நெட்டுருச் செய்வதும், மதிப்பெண்ணே மாந்தனின் அளவுகோல் என்பதும், தாய்மொழியில் வினாக் கேட்கப் பிள்ளை அஞ்சுவதும் அறிவை முடக்கும் தளைகளே. 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் உள்ளம் வருந்தச் செய்வதையும் தடுத்துள்ளது. உடலின் மேல் விழும் பிரம்பைச் சட்டம் தடுக்கும். அறிவின் மேல் விழும் பிரம்பை ஆசிரியரும் பெற்றோருமே தடுத்தல் வேண்டும்.

ஆகவே நோய்க்கு மருந்து பள்ளியைக் குறைப்பதன்று. பள்ளிக்குள் வாழ்வைக் கொண்டுவருவது. தொழிற்பயிற்சி வேண்டும், ஆனால் அது தந்தையின் தொழிலாக அன்று, எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தொழிலுமாக வேண்டும். கணக்கர் மகனும் மண் பிசையட்டும்; குயவர் மகளும் விண்மீன்களை ஆராயட்டும். பிறந்த இடத்திலேயே பிள்ளையைக் கட்டி வைப்பது கல்வியன்று. தன் வழியைத் தானே தேரும் ஆற்றலைத் தருவதே கல்வி. அத்தகைய பள்ளியை ஊர்தோறும் ஆக்குவது தமிழர் கடன்.