சீனப் பெருநாளும் தோட்டத்து மக்களும்



சீனப் பெருநாள் வருகிறது என்றால் தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு கடை அடைப்பைப் பற்றியதுதான். மளிகைக் கடைத் தவுக்கே இரண்டு மூன்று நாளைக்குக் கதவைச் சாத்திவிடுவார். அரிசி, மாவு, சீனி எல்லாம் முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழமும் சிவப்பு உறையும் கிடைக்கும். அத்தோடு சரி. பள்ளியில் 'நம் அண்டை வீட்டார்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், "சீனர்கள் கடை வைத்திருப்பவர்கள், நாம் தோட்டத்தில் வேலை செய்பவர்கள்" என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் காதில் விழுவதைத்தானே அவர்கள் எழுதுவார்கள்! இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஜொகூர் பாரு நகரில் நடைபெறும் ஒரு விழாவைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

மற்ற ஊர்களில் சீனப் பெருநாள் பதினைந்தாம் நாளோடு நிறைவு பெறும். அந்நாளுக்குச் சாப் கோ மே என்று பெயர், அது பௌர்ணமி. நம் தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டியதே. 2025-ஆம் ஆண்டில் தைப்பூசம் பிப்ரவரி 11-இல் வர, சாப் கோ மே மறுநாள் வந்தது. மறு ஆண்டோ இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம். ஏன் இப்படி? சந்திரனைக் கொண்டு எண்ணினால் பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைகிறது. அதைச் சரிக்கட்ட, சீனர்கள் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். 2025-இல் அப்படி ஒரு மாதம் கூடியது. நமது சித்திரைப் புத்தாண்டு சூரியனின் போக்கைக் கொண்டதாகையால் ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் நகருவதில்லை.

ஜொகூர் பாருவில் மட்டும் பெருநாள் பதினைந்தாம் நாளோடு முடிவதில்லை. அங்கே பெரிய விழாவே அதற்குப் பிறகுதான். ட்ருஸ் சாலையில் பழைய சீனக் கோயில் ஒன்று உண்டு. அதனுள்ளே தொங்கும் பலகைகளில் ஒன்று 1870-ஆம் ஆண்டுக்குரியது. பதினெட்டாம் நாள் விளக்கேற்றுவார்கள். பத்தொன்பதாம் நாள் சாமி போகும் தெருக்களைத் தூய்மை செய்வார்கள். இருபதாம் நாள் ஐந்து தெய்வங்கள் பல்லக்கில் ஏறிக் கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஊலு ஆயர் மோலேக் சாலையிலுள்ள தங்கு மண்டபத்துக்குப் போகும். இருபத்தோராம் நாள் இரவு நகர்வலம். மறுநாள் கோயிலுக்குத் திரும்பும். இதைத்தான் சிங்கே ஊர்வலம் என்கிறோம். 2012-இல் இது தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊர்த் திருவிழாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. நாம் சப்பரத்தைத் தோளில் ஏந்தி ஆட்டிக்கொண்டு போவதில்லையா? அவர்களும் பல்லக்கைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "ஹுவாட் ஆ! ஹெங் ஆ!" என்று கூட்டம் முழங்குகிறது, பெருகட்டும், செழிக்கட்டும் என்பது அதன் கருத்து. ஊதுபத்திப் புகை, சிங்க ஆட்டம், கடல்நாக ஆட்டம், முரசு. முரசைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். சீன உழவர்கள் ஆண்டை இருபத்துநான்கு பருவங்களாகப் பிரித்து, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று குறித்து வைத்தார்கள். அந்த இருபத்துநான்கு பெயர்களை இருபத்துநான்கு முரசுகளில் எழுதி முழக்கும் கலை சீனாவிலிருந்து வந்ததன்று. 1988-இல் ஜொகூர் பாருவிலேயே பிறந்தது. இப்போது வெளிநாடுகளிலும் அதைப் பயில்கிறார்கள்.

சரி, இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் யார்? எல்லாரும் பணக்காரத் தவுக்கேமார்களா?

1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம் ஜொகூரின் ஆற்றங்கரைகளைச் சீனர்களுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டயத்துக்குச் சூராட் சுங்கை என்று பெயர். ஆற்றைப் பெற்றவர் காங்சூ, அதாவது ஆற்றுத் தலைவர். அவர் ஆள் சேர்த்துக் காட்டை அழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிட்டார். கம்பீர் எது என்று தெரிகிறதா? நம் பாட்டிமார் வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டி வகைதான். அதன் இலையைப் பெரிய கொப்பரையில் போட்டு மணிக்கணக்காகக் காய்ச்சி, சாற்றை உறைய வைத்துக் கட்டியாக வெட்டுவார்கள். தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரம். பதினைந்து இருபது ஆண்டில் மண் சத்திழந்துவிடும், சுற்றிலுமுள்ள விறகும் தீர்ந்துவிடும். மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வேலையைச் செய்தவர்கள் கூலிகள். கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று வந்து, கடன் தீரும்வரை உழைத்தவர்கள். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் முன்னோரின் கதையும் இதுதானே! இன்னொன்றும் கேளுங்கள். ஆற்றங்கரையில் அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டம் நடத்தும் உரிமை, அடகு பிடிக்கும் உரிமை எல்லாம் காங்சூவிடம் இருந்தன. கூலியாகக் கொடுத்த காசு அபினாகவும் சாராயமாகவும் திரும்பி அவர் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காங்சூ முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, நாமும் வந்துவிட்டோம். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் கம்பீர்க் காலத்தின் மிச்சம். ஆக, நமக்கு முன் இந்த மண்ணில் தோட்டக் கூலியாக நின்றவர்களின் வழிவந்தவர்கள் பலர் அந்தக் கடைத்தெருவில் இருக்கிறார்கள்.

கோயிலிலுள்ள தெய்வங்களில் ஒருவர் ஹோங் சியென். புலியைக் காலடியில் அடக்கியிருப்பவர். அவரை வழிபடுவோர் பெரும்பாலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களே. கம்பீர்த் தோட்டங்களில் புலி அடித்து இறந்தவர்கள் ஏராளம். காட்டோரத்தில் வேலை செய்பவனுக்குப் புலியிடமிருந்து காக்கும் சாமி வேண்டும். நம் தோட்டத்து எல்லையில் முனியாண்டி நிற்பதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஐந்து தெய்வங்களுக்கும் ஐந்து பிரிவார் பொறுப்பு. ஊர்வலத்தில் முன்னே செல்வது ஹைனான்காரர்களின் பல்லக்கு. பிறகு கந்தோன்காரர்கள், ஹக்காக்கள், ஹொக்கியன்கள். கடைசியில் தியோச்சியூ மக்களின் யுவான் தியென், அவரே மூலவர். இந்த ஐவருக்கும் பேச்சுமொழி வேறு. ஒருவர் பேசுவது மற்றவருக்கு எளிதில் புரியாது. பேராக்கில் லாருட் பகுதியில் ஈயத்துக்காகச் சீனக் கூட்டத்தார் 1861 முதல் 1874 வரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அதே காலத்தில் ஜொகூர் பாருவிலோ ஐந்து பிரிவாரும் ஒரே கோயிலில் கூடினார்கள். ஜொகூர் அரசர்கள் இங்கே ஒரே ஒரு சீனச் சங்கத்தைத்தான் அனுமதித்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். கட்டுப்பாடாகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. ஐந்து பிரிவாரின் பிள்ளைகளும் பயில 1913-இல் ஃபூன் இயூ பள்ளி ஏற்பட்டது. இன்று நாட்டின் மிகப் பெரிய சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளி அதுவே.

இங்கே நம் தோட்டங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே மாரியம்மனுக்கு இரண்டு நிர்வாகக் குழு, இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு நாள் திருவிழா என்று நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தமிழர், தெலுங்கர், மலையாளி என்று லயம் லயமாகப் பிரிந்து நின்றதும் உண்டு. தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் நிலத்துக்கு ஆபத்து வரும் நாளில் யார் போய்ப் பேசுவது?

ட்ருஸ் சாலைக் கோயிலுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1991-இல் அதன் முன்வாயில் இடிக்கப்பட்டது. ஐந்து பிரிவாரும் ஒன்றாக நின்றார்கள். கோயில் பின்னர் செப்பனிடப்பட்டது, ஊர்வலமும் தொடர்ந்தது. இன்று சிங்கே இரவில் இலட்சக்கணக்கானோர் தெருவில் நிற்கிறார்கள். பல்லக்குத் தூக்குவோர் பெரும்பாலும் இளைஞர்கள்.

தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்களுக்கு இப்போது சுவருக்கு அந்தப்புறம் சீனர் வீடு. பெருநாளுக்குப் போகும்போது ஆரஞ்சுப் பழம் கொண்டு போங்கள். இரண்டாகக் கொடுங்கள், நான்காக வேண்டாம். அவர்கள் மொழியில் நான்கு என்பதும் சாவு என்பதும் ஒலியில் நெருங்கியவை. கறுப்பு உடையையும் வெள்ளை உடையையும் அன்று தவிர்ப்பது நல்லது. ஊர்வலம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் பகலிலேயே போய்ச் சேருங்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள். அருகில் உங்கு புவான் சாலையில் நம் இராஜமாரியம்மன் ஆலயம் இருக்கிறது; அங்கே கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

போவதற்கு முன், கடையிலுள்ள முதிய தவுக்கேயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் தாத்தா எந்த ஆற்றங்கரையில் வேலை செய்தார்? எந்தப் பல்லக்கு உங்களுடையது?" அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.