வயிற்றுக்குள் வெடிக்கும் குழாய்
(சங்கத்தின் நலவாழ்வுக் கூட்டத்தில் ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பெருந்தமனி பற்றிப் பேசுகிறேன்.

இதயத்திலிருந்து கிளம்பும் இந்தப் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில் சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். சிலருக்கு அதன் சுவர் தளர்ந்து, சைக்கிள் டியூப் போலப் புடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது. திடீரென்று ஒருநாள் வெடிக்கும். 1955-ல் ஐன்ஸ்டீன் இறந்தது இதனால்தான்.

வெடித்தால், முன்பெல்லாம் வயிற்றை நெடுகத் திறந்து செயற்கைக் குழாய் தைப்பது ஒன்றே வழி. அதில் ஒரு சங்கடம். கசிந்த ரத்தம் உறைந்து ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்திருக்கும். இறுகிய வயிற்றுத் தசைகள் அதை அழுத்திப் பிடித்திருக்கும். முழு மயக்கம் கொடுத்ததும் தசை தளரும், பிடி விடும், ரத்த அழுத்தம் சட்டென்று சரியும்.

பாத்ரூம் சுவரை உடைக்காமல், பழைய பைப்புக்குள்ளேயே புதுப் பைப்பைச் செருகினால் எப்படி இருக்கும்? அதைத்தான் இப்போது செய்கிறோம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக, மடித்த ஸ்டென்ட் கிராஃப்டை மேலே அனுப்பி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி விரிக்கிறோம். பல நேரம் நோயாளி விழித்தே இருப்பார். 1990-ல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி, வெடிக்காத புடைப்புக்குச் செய்து காட்டிய முறை இது.

மந்திரம் இல்லை. பிரிட்டனில் 613 பேரிடம் நடந்த 'இம்ப்ரூவ்' ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் இந்த வழியில் நூற்றுக்கு 35, திறந்த அறுவையில் 37. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்து அதுவே 48, 56. முழு மயக்கம் இல்லாமல் செய்யப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். குழாயின் அமைப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. சிடி ஸ்கேன் பார்த்தே முடிவு செய்வோம்.

ஆகவே, அறுபது தாண்டியவருக்கு, அதுவும் புகைபிடித்த ஆணுக்கு, திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்து, வியர்த்து, தலைசுற்றினால், வாயு என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சிறுநீரகக் கல் என்று தவறாக நினைத்து நேரம் போனதும் உண்டு.

பிரிட்டனில் 65 வயது ஆண்களை ஒருமுறை வயிற்று ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். நீங்களும் அடுத்த செக்கப்பில் "பெருந்தமனி எத்தனை செ.மீ.?" என்று கேளுங்கள். 3 தாண்டினால் கண்காணிப்பு; ஆண்களுக்கு 5.5 வந்தால், வெடிக்கும் முன்பே நிதானமாகச் சரிசெய்யலாம்.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். நடு இரவிலும் சிடி ஸ்கேனும் ரத்தநாள அறுவை மருத்துவரும் கிடைக்கும் மருத்துவமனை பக்கத்தில் எது என்று விசாரித்து, அதன் எண்ணை லிஃப்ட் அருகே ஒட்டிவையுங்கள்.